மூணு கிராமா, அஞ்சு கிராமா?

ரொம்ப நாளாச்சுங்க இந்தப் பக்கம் வந்து. ஜூன் மாசம் ஆஸ்திரேலியாவுல வருஷக் கணக்கு முடிக்கிற மாசம். பேங்க்ல வேலை பார்க்கிறவன் வீட்டுக்கு வர்றதே பெரிய விஷயம், இதுல எங்க எழுதறது? போன வாரம் வீட்ல நடந்த ஒரு சின்ன விவாதம்தான் மறுபடி எழுத வெச்சுது. கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் கம்ப்யூட்டர், நிறைய எங்க ஊர். நான் பி.காம். படிச்சவன், பொட்டி தட்டற ஆளு இல்லை. அதனால எனக்குப் புரிஞ்ச மாதிரிதான் சொல்வேன் :-)

பொண்ணு பெர்த்ல யுனிவர்சிட்டி ரெண்டாம் வருஷம். ஒரு பாடத்துக்காக, முப்பரிமாணத் தகவலைப் பைத்தான்ல படமா போடணுமாம். அதாவது ஒரு பெரிய டப்பாவுக்குள்ள ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் இருக்கு. ஒரே எண் வர்ற இடத்தையெல்லாம் சேர்த்து ஒரு மேற்பரப்பா வரையணும். ஐசோசர்ஃபேஸ்னு பேரு. நம்ம சௌகரியத்துக்குச் "சம மதிப்புப் பரப்பு"ன்னு வெச்சுக்குவோம்.

கோலார் தங்க வயல்ல பிறந்தவனோட பொண்ணாச்சே, தங்கத்தையே எடுத்துக்கிட்டா. பூமிக்கு அடியில ஒரு தங்கப் படிவம் இருக்கறதா கற்பனை பண்ணி, டன்னுக்கு எத்தனை கிராம்னு எண் குடுத்து, படம் போட்டுக் காட்டினா. தகதகன்னு மஞ்சளா ஒரு உருண்டை, மவுஸால சுத்தினா சுத்துது. அழகா இருந்துச்சு. வீட்டம்மா "லட்டு மாதிரி இருக்குடி"ன்னாங்க.

நான் கேட்டது ஒரே கேள்வி. "இது எத்தனை கிராம் பரப்பும்மா?"

"தெரியலைப்பா. நான் எதுவும் குடுக்கலை, அதுவா எடுத்துக்கிச்சு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னு சொல்றேன், அதுக்கு முன்னாடி இந்தப் பரப்புன்னா என்னன்னு பார்த்துடலாம்.

எங்க ஊர் கிட்டத்தட்ட 850 மீட்டர் உயரத்துல இருக்கு. மார்கழியில லைன் வீட்டுக்குள்ளயே பல்லு தந்தியடிக்கும். நடுவுல கும்முட்டி அடுப்பை வெச்சு எல்லாரும் சுத்தி உட்காருவோம். இப்ப அந்த ரூம்ல ஒவ்வொரு இடத்துலயும் ஒரு தெர்மாமீட்டர் தொங்குதுன்னு நினைச்சுக்குங்க. சரியா 30 டிகிரி காட்டற இடத்தையெல்லாம் சேர்த்தா, அடுப்பைச் சுத்தி ஒரு கூடாரம் கவுத்தின மாதிரி வரும். அதுதான் 30 டிகிரி பரப்பு. 25 டிகிரிக்கு வரைஞ்சா அதை விடப் பெரிய கூடாரம். ரூமோட இந்த மூலையில ஒரு அடுப்பு, அந்த மூலையில ஒரு அடுப்புன்னு வெச்சா? 30 டிகிரிக்கு ரெண்டு தனித்தனிக் கூடாரம். எண்ணைக் குறைச்சுக்கிட்டே வந்தா ஒரு கட்டத்துல ரெண்டும் ஒட்டி ஒரே கூடாரமாயிடும். அடுப்பு மாறலை, சூடு மாறலை. நாம கேட்ட எண் மட்டும்தான் மாறுது.

இதைக் கம்ப்யூட்டர் எப்படி வரையுதுன்னா, 1987ல ஜெனரல் எலெக்ட்ரிக்ல இருந்த லோரன்சன், கிளைன்னு ரெண்டு பேர் வெளியிட்ட "மார்ச்சிங் கியூப்ஸ்"ங்கற வழிதான் இன்னிக்கும் பெரும்பாலும் ஓடுது. மொத்த டப்பாவையும் குட்டிக் குட்டி கனசதுரமா பிரிச்சுக்கும். ஒவ்வொண்ணுக்கும் எட்டு மூலை. நாம சொன்ன எண்ணை விட அந்த மூலை அதிகமா, குறைவா? எட்டு மூலைக்கு ரெண்டு ரெண்டு வாய்ப்புன்னா மொத்தம் 256 விதம். திருப்பிப் போட்டா ஒரே மாதிரி வர்றதையெல்லாம் கழிச்சு அதை 15 விதமா சுருக்கினாங்க. எந்த விதத்துக்கு எப்படி முக்கோணம் போடணும்னு ஒரு பட்டியல். கனசதுரம் கனசதுரமா நடந்துபோய் முக்கோணங்களை ஒட்டிக்கிட்டே வந்தா பரப்பு ரெடி. அவங்க இதைச் செஞ்சது தங்கத்துக்காக இல்லை, ஸ்கேன் படத்துக்காக. சி.டி. ஸ்கேன்ல காத்துக்கு மைனஸ் 1000, தண்ணிக்கு 0, எலும்புக்கு பல நூறு. ஒரு எண் குடுத்தா தோல் தெரியும், வேற எண் குடுத்தா எலும்பு தெரியும். ஆள் ஒருத்தர்தான்.

பைத்தான்ல செய்யறது நிஜமாவே சுலபங்க. பொண்ணு செஞ்சதை வரிசையா சொல்றேன், வீட்ல பசங்க இருந்தா செஞ்சு பார்க்கச் சொல்லுங்க.

1. நம்பையில மூணு திசைக்கும் மைனஸ் 30 மீட்டர்லேர்ந்து பிளஸ் 30 மீட்டர் வரை, மீட்டருக்கு ஒண்ணா 61 புள்ளி. மொத்தம் 2,26,981 புள்ளி.

2. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண். நட்ட நடுவுல டன்னுக்கு 10 கிராம், தள்ளிப்போகப் போகக் குறையணும். நடுவுலேர்ந்து இருக்கற தூரத்தின் வர்க்கத்தை 200ஆல வகுத்து, மைனஸ் போட்டு, எக்ஸ்ப் எடுத்து, 10ஆல பெருக்கினா வந்துடும்.

3. சைகிட்-இமேஜ்ல இருக்கற மார்ச்சிங் கியூப்ஸ்கிட்ட இந்தத் தகவலைக் குடுக்கணும். கூடவே "லெவல்"னு நமக்கு வேணுங்கற எண், "ஸ்பேசிங்"னு புள்ளிகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளி.

4. அது முக்கோண மூலைகளோட பட்டியலையும், எந்த மூணு மூலை சேர்ந்து ஒரு முக்கோணம்ங்கற பட்டியலையும் திருப்பித் தரும். அதை மேட்பிளாட்லிப்ல போட்டா லட்டு ரெடி.

மூணாவது வரியிலதான் விஷயம். லெவல் குடுக்கலைன்னா அந்த புரோகிராம் தப்புன்னு சொல்லாது. தகவல்ல இருக்கற மிகப் பெரிய எண்ணையும் மிகச் சின்ன எண்ணையும் கூட்டி ரெண்டால வகுத்து அதை எடுத்துக்கும். பெருசு 10, சிறுசு கிட்டத்தட்ட 0. அப்ப 5. பொண்ணு காட்டின உருண்டை டன்னுக்கு 5 கிராம் பரப்பு. அந்த 5ஐ யாரும் முடிவு பண்ணலை. ஆனா படத்தைப் பார்க்கிறவன் "ஓஹோ, தங்கம் இவ்வளவுதான் இருக்கு போல"ன்னு நினைச்சுக்குவான்.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் உட்கார்ந்து கணக்கு போட்டோம். ஒரு கனமீட்டர் பாறை 2.7 டன்னு வெச்சுக்கிட்டோம்.

5 கிராம் பரப்புக்குள்ள: சுமார் 18,500 டன் பாறை, 124 கிலோ தங்கம், சராசரி 6.7 கிராம்.

2.5 கிராம் பரப்புக்குள்ள: சுமார் 52,000 டன் பாறை, 243 கிலோ தங்கம், சராசரி 4.7 கிராம்.

எண்ணைப் பாதியாக்கினா பாறை கிட்டத்தட்ட மூணு மடங்கு, தங்கம் ரெண்டு மடங்கு. அப்புறம் டப்பாவை நீட்டி, 36 மீட்டர் தள்ளி அதே மாதிரி இன்னொரு உருண்டையை வெச்சுப் பார்த்தோம். 5 கிராமுக்கு ரெண்டும் தனித்தனி. 3 கிராமுக்கு நடுவுல கழுத்து மாதிரி ஒட்டிக்கிச்சு. ஒரே படிவமா, ரெண்டு படிவமா? சுரங்கம் தோண்டறவனுக்கு இது கோடிக்கணக்கான பணத்தோட கேள்வி.

இந்த எண்ணுக்குச் சுரங்கத் தொழில்ல "கட்-ஆஃப் கிரேடு"ன்னு பேரு. இது பாறையிலேர்ந்து வர்ற எண் இல்லைங்க, கணக்குப் புத்தகத்துலேர்ந்து வர்ற எண். ஒரு டன் பாறையை வெட்டி, மேல கொண்டுவந்து, அரைச்சு, தங்கம் பிரிக்க ஆகற செலவு. அதை ஒரு கிராம் தங்கத்தோட விலையால வகுக்கணும். 2001ல தங்கம் அவுன்ஸுக்கு சராசரியா 270 டாலர் சொச்சம், அதாவது கிராமுக்கு 9 டாலர்கூட இல்லை. செலவு டன்னுக்கு 45 டாலர்னு ஒரு பேச்சுக்கு வெச்சா, கட்-ஆஃப் 5 கிராமுக்கு மேல. 2025 அக்டோபர்ல அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டினது நினைவிருக்கும், அதாவது கிராமுக்கு 128 டாலர். செலவு மாறாம இருந்தா கட்-ஆஃப் அரை கிராமுக்கும் கீழ வந்துடும். செலவு மாறாம இருக்காது, அது வேற விஷயம். ஆனா அதே பாறை, அதே தங்கம், பரப்பு மட்டும் எங்கேயோ போயிடுது பாருங்க.

2001னு சும்மா சொல்லலை. அந்த வருஷம் பிப்ரவரி 28ஆம் தேதி எங்க ஊர் சுரங்கத்தை மூடினாங்க. 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்து, 1902ல சிவசமுத்திரத்துலேர்ந்து கரண்ட் வந்து, 1956ல மைசூர் அரசு எடுத்துக்கிட்டு, 1972லேர்ந்து பாரத் கோல்டு மைன்ஸ்னு மத்திய அரசுக் கம்பெனியா ஓடி, 120 வருஷத்துல சுமார் 800 டன் தங்கம் குடுத்த இடம். சாம்பியன் ரீஃப்ல ஆழம் 3 கிலோமீட்டருக்கு மேல, அடியில பாறைச் சூடு 60 டிகிரிக்கு மேல. ஆரம்ப வருஷங்கள்ல டன்னுக்கு 40 கிராமையும் தாண்டிக் கிடைச்சுது, கடைசில 3 கிராம் வாக்குல வந்து நின்னுது.

அப்ப எனக்கு 24 வயசு. பெங்களூர்ல பேங்க் வேலை, தினமும் விடியக்காலை ட்ரெயின்ல போயிட்டு ராத்திரி திரும்பற கூட்டத்துல நானும் ஒருத்தன். நைனா (எங்க வீட்ல அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம்) சாம்பிள் எடுக்கற செக்‌ஷன்ல உதவியாள். மைனை மூடினப்ப ஊர்ல ரெண்டு பேச்சு. "தங்கம் தீர்ந்துபோச்சு"ன்னு ஒண்ணு. "தங்கம் கொட்டிக் கிடக்கு, வேணும்னே மூடிட்டாங்க"ன்னு இன்னொண்ணு. டீக்கடையில இதை வெச்சு அடிதடியே நடந்திருக்கு. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு, பொண்ணோட லட்டுப் படத்தைப் பார்த்தப்பதான் எனக்கு உறைச்சுது. ரெண்டு பேரும் ஒரே பாறைக்கு வேற வேற எண்ணுல பரப்பு வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. எந்த எண், அதை யார் வெச்சது, அதுல எந்தச் செலவைச் சேர்த்தாங்க, எதை விட்டாங்கன்னு ஊர்ல யாருக்கும் யாரும் உட்கார வெச்சுச் சொல்லலை. மூணு தலைமுறையா அடியில போய் வந்தவங்களுக்கு அந்த ஒரு எண்ணைச் சொல்லியிருக்கணும்ங்கறதுதான் என் வாதம். சொல்லியிருந்தா மைன் திறந்திருக்கும்னு நான் சொல்லலை. ஒருவேளை மூடறதுதான் சரியா இருந்திருக்கும். ஆனா "இல்லை"ங்கறதும் "இந்த விலைக்குக் கட்டாது"ங்கறதும் ஒண்ணு இல்லைங்க. முதலாவதைக் கேட்டா தலையெழுத்துன்னு உட்கார்ந்துடுவோம். ரெண்டாவதைக் கேட்டா எதிர்க்கேள்வி கேட்போம்.

பேங்க்ல இருக்கறவனுக்கு இது புதுசும் இல்லை. நம்ம நாட்டுல கடன் தவணை 90 நாளைத் தாண்டினா வாராக்கடன். 89வது நாள் நல்ல மனுஷன், 91வது நாள் கடன்காரன். ஆள் அதேதான். கோடு போடாம பேங்க் நடத்த முடியாது, ஒத்துக்கறேன். ஆனா எங்க கோடு போட்டோம்னு விதிப் புத்தகத்துல அச்சடிச்சு வெச்சிருக்கோம். படம் வரையறவங்களும் அதைச் செய்யணும். இங்க ஆஸ்திரேலியாவுல சுரங்கக் கம்பெனிங்க கையிருப்பை அறிவிக்கறதுக்கு ஜோர்க்னு ஒரு விதி, 1989லேர்ந்து இருக்கு. கட்-ஆஃப் என்ன, எந்த அடிப்படையில வெச்சீங்கன்னு எழுதியே ஆகணும். அப்படியும் கடன் கேட்டு வர்றவங்க சில பேர் சுழலற மஞ்சள் படத்தை மட்டும் காட்டிட்டு, எண்ணைக் கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போடுவாங்க. பேர் வேண்டாம், பொழைப்பு நடக்கணும் :-)

ரெண்டாவது விஷயம் நைனா சொன்னது. ஞாயித்துக்கிழமை வாட்ஸப்ல பேசறப்ப பேத்தி படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினா. கொஞ்ச நேரம் பேசாம பார்த்தாரு.

"இது எல்லா எடத்துலயும் வழவழன்னு இருக்கேம்மா. எங்க எங்க சாம்பிள் எடுத்தாங்க?"

"எல்லாம் கற்பனைதான் தாத்தா."

"கற்பனைன்னா சரி. நாங்க உளியால ரீஃபோட இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரை கொத்தி, பையில போட்டு, சீட்டு வெச்சுக் கட்டிக் குடுப்போம். ஏர் பிளாஸ்ட் ஆன எடத்துல யாரு போவாங்க? அங்க பையே கிடையாது. ஆனா பிளான்ல அங்கயும் கோடு போட்டிருப்பாங்க."

அழுத்தம் தாங்காம பாறை வெடிச்சுச் சிதறறதைத்தான் எங்க ஊர்ல ஏர் பிளாஸ்ட்னு சொல்வாங்க. எத்தனையோ பேர் அதுல போயிருக்காங்க. நைனா சொன்னதை இன்னிக்குப் பாஷையில சொன்னா, அளந்த இடம் கொஞ்சம், நடுவுல நிரப்பினது நிறைய. இந்த நிரப்பற வேலையை ஒழுங்கா செய்ய வழி காட்டினவர் தென்னாப்பிரிக்காவுல டேனி கிரிகே. அங்க தங்கச் சுரங்கத்துல வேலை பார்த்த இன்ஜினியர், 1951ல இதைப் பத்தி எழுதினாரு. நல்ல சாம்பிள் வந்த இடத்துல நிஜத்துல வெட்டினா எதிர்பார்த்ததை விடக் குறைவாத்தான் வரும்னு காட்டினாரு. பிரான்ஸ்ல ஜார்ஜ் மத்தேரோன் அதை முழுக் கணக்காக்கி, அவர் பேரையே வெச்சு "கிரிகிங்"னாரு. அந்த முறையில ஒவ்வொரு இடத்துக்கும் எவ்வளவு தப்பலாம்னும் ஒரு எண் கிடைக்கும். ஆனா பரப்பா வரையறப்ப அந்த எண் காணாமப் போயிடுது. அளந்த இடமும் ஊகிச்ச இடமும் ஒரே மினுமினுப்புல நிக்குது.

அதனால பொண்ணு இப்ப படத்தை மாத்திட்டா. லெவலைத் தலைப்புலயே எழுதினா. ஒண்ணுக்குப் பதிலா மூணு பரப்பு, வெளியில இருக்கறது கண்ணாடி மாதிரி லேசா. சாம்பிள் புள்ளிகளைக் கறுப்பா உள்ளேயே போட்டா. மூணு அச்சுக்கும் ஒரே அளவு. இது முக்கியங்க. எங்க ஊர் ரீஃப் கிலோமீட்டர் கணக்குல நீளம், ஆழம், ஆனா பெரும்பாலும் ஒரு மீட்டர் வாக்குல தடிமன். நிஜ அளவுல வரைஞ்சா அப்பளம் மாதிரி வரணும். ஸ்பேசிங்கைச் சரியா குடுக்கலைன்னா சேனைக்கிழங்கு மாதிரி வரும். அப்பளத்தைச் சேனைக்கிழங்கா காட்டித்தான் உலகத்துல பாதி ஷேரை விக்கறாங்க.

இப்ப இதை எழுதறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எங்க ஊர்ல தங்கம் பிரிச்சுட்டுக் கொட்டின சைனைடு டம்ப் மண் 3.3 கோடி டன் குவிஞ்சு கிடக்கு. காத்தடிச்சா சோத்துல விழும், துணியில படியும். டன்னுக்கு ஒரு கிராம்கூட இல்லாத மண்.  2024 ஜூன்ல அந்த 13 டம்ப்லேர்ந்து தங்கம் எடுக்க கர்நாடக அமைச்சரவை சம்மதம் குடுத்துது. விலை ஏறினதும் எண் இறங்கிச்சு, குப்பை சொத்தாயிடுச்சு. இங்க கால்கூர்லியிலயும் 1990கள்ல பழைய கழிவு மண்ணைக் கரைச்சுத் தங்கம் எடுத்தாங்க. நான் அதுக்கு எதிரி இல்லை. மண் போனா ஊருக்கு நல்லதுதான்.

ஆனா நாளைக்கு யாராவது வந்து சுழலற படம் காட்டுவாங்க. அப்ப எங்க ஊர் ஜனங்க கேட்க வேண்டியது மூணு கேள்வி. இது எந்த எண்ணுக்கு வரைஞ்ச பரப்பு? எத்தனை இடத்துல துளை போட்டு அளந்தீங்க? அந்த எண்ணைக் கணக்கு போட்டப்ப செலவுன்னு எதையெல்லாம் சேர்த்தீங்க? கிளறற மண்ணுலேர்ந்து கிளம்பற தூசி, தண்ணி, பக்கத்து லைன்ல இருக்கற குழந்தையோட நெஞ்சு, இதெல்லாம் அந்தச் செலவுல வருதா? வந்தா கட்-ஆஃப் ஏறும், பரப்பு சுருங்கும். சுருங்கட்டும். அதுதான் உண்மையான பரப்பு. நைனா இன்னிக்கும் மாடிப்படி ஏறினா நாலு தடவை நின்னு மூச்சு வாங்கறாரு. அது எந்தக் கட்-ஆஃப்லயும் சேராத செலவு.

போனை வைக்கறப்ப கேட்டேன், "நைனா, கீழ இன்னும் தங்கம் இருக்குதா?"

"இருக்கும், இல்லாம எங்க போவும்? தண்ணிக்குள்ள கெடக்குது. மூணு கிராமா அஞ்சு கிராமான்னு கல்லுக்கா தெரியும்? அதெல்லாம் மேல உக்காந்தவன் சொல்றதுடா."

பொண்ணு அதை அப்படியே தன் அசைன்மெண்ட்ல முதல் வரியா போட்டுக்கிட்டா. மார்க் இன்னும் வரலை.

டிஸ்கி: மேல சொன்ன 18,500 டன், 243 கிலோ எல்லாம் எங்க கற்பனை உருண்டைக்கான கணக்கு, எங்க ஊர் மைனுக்கு இல்லை. படிச்சுட்டு யாரும் ராபர்ட்சன்பேட்டையில மனை வாங்கக் கிளம்பிடாதீங்க :-) ஊர்க்காரங்க யாராவது இருந்தா, உங்க வீட்ல மைன் மூடினதைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.